நெசவாளி மகன் கோடீசுவரர் ஆன கதை: ஆண்ட்ரூ கார்னகி



ஏழையாகப் பிறந்து, உழைத்து உயர்ந்தவர்களின் கதை என்றால் நம் எல்லாருக்கும் பிடிக்கும். பள்ளி ஆண்டு விழாவிலும், பங்குத் திருவிழா மலரிலும், இளையோர் பயிற்சி முகாமிலும் அப்படிப்பட்ட ஒரு கதை இல்லாமல் இருப்பதில்லை. காலில் செருப்பில்லாமல் பள்ளிக்கு நடந்த சிறுவன் பின்னாளில் பத்து நிறுவனங்களுக்கு முதலாளியானான் என்று கேட்கும்போது நம் வீட்டுப் பிள்ளையின் முகம் கண்முன் வருகிறது. அவனால் முடிந்தது என்றால் இவனாலும் முடியும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. அந்த நம்பிக்கை நல்லது. விவிலியத்திலும் அது உண்டு. ஆடு மேய்த்த தாவீது அரசரானார். அடிமையாக விற்கப்பட்ட யோசேப்பு எகிப்து நாட்டின் ஆளுநரானார். எளியோரைக் கைதூக்கிவிடும் கடவுளைப் புகழ்ந்து அன்னை மரியா பாடியதைத் திருச்சபை ஒவ்வொரு நாளும் மாலைச் செபத்தில் பாடுகிறது.

ஆனால் இக்கதைகளைக் கேட்கும்போது நாம் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. சொல்லப்படுவது முழுக் கதைதானா? உயர்ந்தவர் தம் கதையைத் தாமே சொல்லும்போது, யார் யாரை நினைவில் வைத்துக்கொள்கிறார்? யார் யாரை விட்டுவிடுகிறார்? இக்கேள்விக்கு விடை தேட, உலகமே அறிந்த ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். அவர் பெயர் ஆண்ட்ரூ கார்னகி. அவர் கத்தோலிக்கர் அல்லர். திருச்சபைகளோடு நெருக்கமான உறவு கொண்டவரும் அல்லர். ஆயினும் அவர் வாழ்க்கை நம் நற்செய்தியின் ஒரு பக்கத்தை நமக்கு நன்றாகவே விளக்குகிறது.

தறி நின்றுபோன வீடு

ஸ்காட்லாந்து நாட்டின் டன்ஃபெர்ம்லின் நகரில் 1835ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் கார்னகி பிறந்தார். தந்தை வில்லியம், கைத்தறி நெசவாளர். பூவேலை செய்த மேசை விரிப்புகளை நெய்வதில் அந்நகர் பெயர் பெற்றிருந்தது. கீழே தறி, மேலே குடும்பம் என்று ஒரு சிறு வீட்டில் அவர்கள் வாழ்ந்தார்கள். நீராவித் தறிகள் வந்தன. கைத்தறிக்கு வேலை இல்லாமல் போயிற்று. தந்தை நல்ல தொழிலாளி. சோம்பேறி அல்லர், குடிகாரரும் அல்லர். ஆனாலும் தறி நின்றுபோயிற்று. தாய் மார்கரெட், செருப்புத் தைப்பவரின் மகள். அவர் ஒரு சிறு கடை வைத்தும், செருப்புத் தைக்கும் வேலை செய்தும் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டார்.

1848இல் அக்குடும்பம் அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. தறிகளை விற்ற பணம் கப்பல் கட்டணத்துக்குப் போதவில்லை. தாயின் தோழி ஒருவர் இருபது பவுண்டு கடன் கொடுத்தார். அந்தக் கடன் இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை. ஏறத்தாழ ஏழு வாரக் கடல் பயணத்துக்குப் பின் நியூயார்க்கில் இறங்கி, பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய அலெகெனி என்ற ஊரை அடைந்தார்கள். அங்கே முன்னரே குடியேறியிருந்த உறவினர்கள் வாடகை வாங்காமல் இரண்டு அறைகளைக் கொடுத்தார்கள்.

தந்தை அங்கேயும் நெய்தார், வாங்குவோர் இல்லை. தாம் நெய்த விரிப்புகளைத் தாமே ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார். ஒருமுறை அவர் ஆற்றுப் படகில் அறை எடுக்கக் காசில்லாமல் திறந்த தளத்தில் இரவைக் கழிக்கப் போகிறார் என்று மகனுக்குத் தெரியவந்தது. அந்த வேதனையைக் கார்னகி முதுமையிலும் மறக்கவில்லை. தந்தை 1855இல் இறந்தார். மகன் உயர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

இங்கே சற்று நிற்போம். உழைத்தால் உயரலாம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வில்லியம் கார்னகியும் உழைத்தார். மகனைவிடக் குறைவாக உழைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் உயரவில்லை. உயர்ந்தவர்களின் கதையை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால், உயராதவர்கள் எல்லாம் உழைக்காதவர்கள் என்று ஆகிவிடும். நம் பங்கில் ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் எத்தனையோ தந்தையருக்கு அது பெரிய அநீதி.

வாரம் ஒரு டாலர் இருபது சென்ட்

பதின்மூன்று வயதில் கார்னகி பஞ்சாலையில் பாபின் மாற்றும் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்தார். விடியும் முன்னே போய், இருட்டிய பின் திரும்ப வேண்டும். வாரக் கூலி ஒரு டாலர் இருபது சென்ட். பிறகு வேறோர் ஆலையில் நீராவி இயந்திரத்தைக் கவனிக்கும் வேலை. கொதிகலன் வெடித்துவிடுமோ என்ற பயத்தில் தூக்கத்தில்கூட எழுந்து உட்கார்ந்ததாக அவர் எழுதியிருக்கிறார். பின்னர் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் பையனானார். ஊரில் உள்ள வணிகர்கள் எல்லாருடைய பெயரையும் முகத்தையும் மனப்பாடம் செய்தார். தந்திக் கருவியின் ஓசையைக் காதால் கேட்டே செய்தியைப் புரிந்துகொள்ளக் கற்றார். அக்காலத்தில் அப்படிச் செய்யக்கூடியவர்கள் மிகச் சிலரே.

அந்நாள்களில் கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற பெரியவர், ஏறத்தாழ நானூறு நூல்கள் கொண்ட தம் சொந்த நூலகத்தைச் சனிக்கிழமைதோறும் வேலை செய்யும் சிறுவர்களுக்காகத் திறந்துவைத்தார். ஒரு புத்தகத்தை எடுத்துச் சென்று, படித்து, அடுத்த வாரம் திருப்பித் தந்து, இன்னொன்று எடுக்கலாம். பின்னர் அந்த நூலகத்தை நடத்தியவர்கள் தொழில் பழகும் சிறுவர்களுக்கு மட்டுமே இலவசம், மற்றவர்கள் ஆண்டுக்கு இரண்டு டாலர் கட்ட வேண்டும் என்றார்கள். கார்னகி செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதி வாதாடி, தம்மைப் போன்ற சிறுவர்களுக்கும் அனுமதி பெற்றார். இந்த நன்றியை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. செல்வரான பின் ஆண்டர்சனுக்கு அலெகெனியில் நினைவுச் சின்னம் எழுப்பினார். அந்தச் சனிக்கிழமைகள்தாம் பின்னாளில் உலகெங்கும் 2,509 நூலகங்களாக முளைத்தன.

1853இல் பென்சில்வேனியா இரயில்வேயின் அதிகாரி தாமஸ் ஸ்காட், இந்த இளைஞரைத் தமக்குத் தந்தியாளராகவும் உதவியாளராகவும் அமர்த்திக்கொண்டார். மாதச் சம்பளம் 35 டாலர். ஆறே ஆண்டுகளில், இருபத்து நான்காம் வயதில், கார்னகி பிட்ஸ்பர்க் பிரிவின் கண்காணிப்பாளரானார். இதுவரை கேட்ட கதை உண்மை. இதில் உழைப்பு இருக்கிறது, அறிவு இருக்கிறது, தாயன்பு இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியோடு சொல்லலாம்.

கதை சற்று வளையும் இடம்

ஆனால் சம்பளத்தால் மட்டும் யாரும் கோடீசுவரர் ஆவதில்லை. 1856இல் ஆடம்ஸ் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் பத்துப் பங்குகள் விலைக்கு வருகின்றன என்று ஸ்காட் கார்னகியிடம் கூறினார். கையில் பணம் இல்லை. தாய் வீட்டை அடமானம் வைத்துப் பணம் திரட்டிக் கொடுத்தார் என்று கார்னகி தம் தன்வரலாற்றில் உருக்கமாக எழுதுகிறார். பிற்காலத்தில் பழைய பத்திரங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள், அப்பணத்தை முதலில் கடனாகக் கொடுத்தவர் ஸ்காட்தான் என்றும், வீட்டு அடமானம் அதன் பின்னரே வந்தது என்றும் காட்டியிருக்கிறார்கள். தாயின் தியாகம் பொய்யல்ல. ஆனால் செல்வாக்குள்ள மேலதிகாரியின் பணமும் துப்பும் கதையில் ஓர் ஓரத்துக்குப் போய்விட்டன.

அடுத்தது தூங்கும் வசதி கொண்ட இரயில் பெட்டிகளின் கதை. தாம் இரயிலில் போய்க்கொண்டிருந்தபோது, உழவரைப் போலத் தோன்றிய ஒருவர் பச்சைப் பையோடு வந்து, தாம் கண்டுபிடித்த தூங்கும் பெட்டியின் மாதிரியைக் காட்டினார் என்றும், அதன் அருமையை உடனே உணர்ந்து தாமே அவரை ஸ்காட்டிடம் அழைத்துச் சென்றதாகவும் கார்னகி 1886இல் வெளியிட்ட நூல் ஒன்றில் எழுதினார். கேட்பதற்கு அழகான கதை. அந்த மனிதர் தியோடர் உட்ரஃப். அப்போது அவர் உயிரோடு இருந்தார். நூலைப் பார்த்து வருந்தி அவர் கார்னகிக்குக் கடிதம் எழுதினார். தாம் அப்படி வழியில் அலைந்துகொண்டிருந்த ஆள் அல்ல, இரயில்வேயின் தலைவர்களோடு ஏற்கெனவே பேசி முடித்தவர், அவர்கள் கேட்டுக்கொண்டதால்தான் கார்னகிக்குப் பங்கு கிடைத்தது என்று அவர் நினைவூட்டினார். கார்னகி மென்மையாகப் பதில் எழுதினார். ஆனால் பல ஆண்டுகள் கழித்துத் தன்வரலாறு எழுதியபோது அதே பழைய கதையையே மீண்டும் எழுதினார்.

இது சிறிய காரியம் என்று தோன்றலாம். ஆனால் இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. கதையைப் பலமுறை சொல்லச் சொல்ல, சொல்பவருக்கே அது உண்மையாகிவிடுகிறது. தாம் கண்டுபிடித்தார், தாம் துணிந்தார், தாம் வென்றார் என்று ஒவ்வொரு முறையும் அந்தத் தாம் சற்றே வளர்கிறது. மற்றவர்கள் சற்றே சிறுத்துப்போகிறார்கள். கடைசியில் உரியவரே வந்து திருத்தினாலும் காது கேட்பதில்லை. தன் கையும் தன் ஆற்றலும்தான் இச்செல்வத்தைச் சேர்த்தன என்று உள்ளத்தில் சொல்லிக்கொள்ளாதே என்று இணைச்சட்ட நூலின் எட்டாம் அதிகாரத்தில் மோசே இஸ்ரயேல் மக்களை எச்சரித்தது இதற்காகத்தான்.

தமக்குத் தாமே எழுதிய குறிப்பு

கார்னகியை ஆணவக்காரர் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். 1868ஆம் ஆண்டு டிசம்பரில், நியூயார்க் நகர விடுதி ஒன்றில் தங்கியிருந்தபோது, தம் கணக்கை அவர் எழுதிப் பார்த்தார். அவருக்கு வயது முப்பத்து மூன்று. ஆண்டு வருமானம் ஐம்பதாயிரம் டாலர். அந்தத் தாளிலேயே தமக்காக ஒரு குறிப்பும் எழுதினார். இனி இதற்கு மேல் சேர்க்கக் கூடாது, இரண்டு ஆண்டுகளில் வணிகத்தை விட்டுவிட்டுப் படிக்கச் செல்ல வேண்டும், பணத்தை வழிபடுவது சிலை வழிபாடுகளிலேயே மிக இழிவானது, இதே நினைவில் இருந்தால் தம் உள்ளம் திருந்த வழியில்லாமல் தாழ்ந்துவிடும் என்பது அதன் சாரம். அந்தத் தாளை அவர் கடைசிவரை பாதுகாத்து வைத்திருந்தார்.

நல்ல ஒப்புரவு அருள்சாதனத்துக்கு வருபவரின் ஆன்மச் சோதனையைப் போல இருக்கிறது இக்குறிப்பு. ஆனால் தீர்மானம் நிறைவேறவில்லை. இரண்டு ஆண்டுகள் என்றவர் முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1901இல்தான் வணிகத்தை விட்டார். இடையில் 1875இல் பிராடக் என்ற இடத்தில் பெரிய எஃகு ஆலையைத் தொடங்கினார். தமது முக்கிய வாடிக்கையாளரான இரயில்வேயின் தலைவர் எட்கர் தாம்சனுடைய பெயரையே அதற்கு வைத்தார். 1883இல் ஹோம்ஸ்டெட் ஆலையை வாங்கினார். இயந்திரங்களைப் புதுப்பித்தார், செலவை ஒவ்வொரு காசாகக் குறைத்தார். கூலியும் செலவுக் கணக்கில்தான் வந்தது.

ஹோம்ஸ்டெட், 1892

அந்த ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலை. பகல் முறையும் இரவு முறையும் மாறும்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடர்ந்து இருபத்து நான்கு மணி நேரம் நிற்க வேண்டும். உருகிய இரும்பின் அருகே அந்த வேலை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஸ்லோவாக்கியர் முதலிய கத்தோலிக்க மக்கள் பலர் கடினமான, குறைந்த கூலி வேலைகளைச் செய்தார்கள். அவர்களும் கார்னகியைப் போலவே கப்பலேறி வந்த ஏழைகள்தாம்.

1886இல் கார்னகி ஓர் இதழில் எழுதிய கட்டுரைகளில் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையை ஆதரித்திருந்தார். வேலை நிறுத்தம் செய்பவரின் இடத்தை இன்னொருவர் பறிக்கக் கூடாது என்றும் எழுதியிருந்தார். தொழிலாளர்கள் அதை நம்பினார்கள். 1892இல் ஹோம்ஸ்டெட்டில் கூலி ஒப்பந்தம் முடிவுக்கு வந்தபோது நிர்வாகம் கூலியைக் குறைக்க முனைந்தது. இனி இந்த ஆலையில் சங்கத்துக்கு இடமில்லை என்ற அறிவிப்பைக் கார்னகி முன்கூட்டியே எழுதி, தம் பங்காளியும் நிர்வாகியுமான ஹென்றி ஃபிரிக்கிடம் கொடுத்துவிட்டு ஸ்காட்லாந்துக்குச் சென்றார். அங்கிருந்து ஃபிரிக்கை ஆதரித்துத் தந்திகள் அனுப்பினார்.

ஃபிரிக் ஆலையைச் சுற்றி உயரமான வேலி எழுப்பினார், கதவை அடைத்தார். ஜூலை 6ஆம் நாள் விடியற்காலையில் பிங்கர்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் 300 ஆட்கள் இரண்டு படகுகளில் ஆற்று வழியாக வந்து இறங்க முயன்றார்கள். தொழிலாளர்கள் கரையில் திரண்டார்கள். துப்பாக்கிச் சூடு நாள் முழுவதும் நடந்தது. இருதரப்பிலுமாகக் குறைந்தது பத்துப் பேர் இறந்தார்கள். சரணடைந்த பிங்கர்டன் ஆட்களை ஊர்மக்கள் அடித்து நொறுக்கினார்கள். வன்முறை ஒரு பக்கம் மட்டும் இருக்கவில்லை என்பதையும் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பின்னர் மாநில ஆளுநர் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களை அனுப்பினார். நவம்பரில் தொழிலாளர்கள் தோற்றார்கள். பலருக்கு வேலை போயிற்று. அதன்பின் பெரிய எஃகு ஆலைகளில் தொழிற்சங்கம் ஏற்பு பெற 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு மணி நேர வேலை 1923இல்தான் ஒழிந்தது.

இந்த நிகழ்ச்சிக்கு ஓராண்டு முன்புதான், 1891ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், திருத்தந்தை 13ஆம் லியோ, நம் முன்னோர் 13ஆம் சிங்கராயர் என்று அழைத்தவர், ரேரும் நோவாரும் என்ற சுற்றுமடலை வெளியிட்டிருந்தார். தொழிலாளர் சங்கம் அமைப்பது இயல்பான உரிமை என்றார். வேறு வழியில்லாத ஏழை ஒப்புக்கொண்டுவிட்டார் என்பதாலேயே ஒரு கூலி நீதியானதாகிவிடாது, அவர் வாழப் போதுமானதாகவும் அது இருக்க வேண்டும் என்று கற்பித்தார். 2025இல் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, 14ஆம் லியோ என்ற பெயரைத் தெரிந்துகொண்டபோது, அச்சுற்றுமடலை நினைவுகூர்ந்தே அப்பெயரை ஏற்றதாக விளக்கினார். ஹோம்ஸ்டெட் பிரச்சனை இன்னும் பழையதாகிவிடவில்லை.

கார்னகி ஹோம்ஸ்டெட்டை எப்படிச் சொன்னார்? அது தமக்கு ஆழமான காயம் என்று தன்வரலாற்றில் எழுதினார். அந்த வேதனை உண்மையானது என்று நாம் நம்பலாம். ஆனால் தாம் அங்கே இல்லாததால்தான் அது நடந்தது என்பது போல எழுதினார். முன்கூட்டியே தம் கையால் எழுதிக் கொடுத்த அறிவிப்பும், அனுப்பிய தந்திகளும் அந்தக் கதையில் இல்லை. அவை காகிதங்களில் தங்கிவிட்டன; பின்னால் வந்தவர்கள் அவற்றைப் படித்தார்கள்.

அந்நாள்களில் ஹோம்ஸ்டெட் நகரத் தலைவராக இருந்தவர் ஜான் மெக்லக்கி. அவரும் ஆலைத் தொழிலாளிதான். போராட்டத்துக்குப் பின் வழக்குகளால் எல்லாவற்றையும் இழந்து, மெக்சிகோ நாட்டின் சொனோரா பகுதியில் கூலி வேலை செய்துவந்தார். கார்னகியின் நண்பர் ஒருவர் அவரைத் தற்செயலாகச் சந்தித்து ஊருக்கு எழுதினார். யார் கொடுத்தது என்று சொல்லாமல் வேண்டிய பணத்தைக் கொடுக்குமாறு கார்னகி பதில் அனுப்பினார். மெக்லக்கி அதை வாங்க மறுத்துவிட்டார். தம் கையால் பிழைத்துக்கொள்வதாகச் சொன்னார். பின்னர் கொடுக்க முன்வந்தவர் கார்னகி என்று அறிந்தபோது, நல்ல மனத்தோடு அவரைப் பாராட்டினார். அந்தப் பாராட்டைக் கார்னகி தமக்குக் கிடைத்த பெரிய பட்டமாகவே போற்றினார். உலகின் மன்னர்களும் பல்கலைக்கழகங்களும் கொடுத்த சிறப்புகளைவிட, தம் ஆலையால் வாழ்விழந்த ஒருவரின் நல்ல சொல்லுக்கு அந்த உள்ளம் ஏங்கியிருக்கிறது. மன்னிப்புக்காக ஏங்காத மனித உள்ளம் எது?

கொடுத்த கை

1889இல் கார்னகி செல்வத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். செல்வர் தம் வாழ்நாளிலேயே செல்வத்தைப் பொது நன்மைக்குக் கொடுத்துவிட வேண்டும், பணக்காரராகவே சாவது அவமானம் என்று அதில் வாதாடினார். சொன்னதைச் செய்தார். 1901இல் தம் நிறுவனத்தை ஜே. பி. மார்கன் குழுவுக்கு 48 கோடி டாலருக்கு விற்றார். அதில் அவர் பங்கு 22 கோடியே 50 இலட்சம் டாலருக்கும் மேல். பின்னர் கொடுக்கத் தொடங்கினார். நூலகங்கள், பல்கலைக்கழகங்கள், ஆய்வு நிறுவனங்கள், அமைதிக்கான அறக்கட்டளை என்று அவர் கொடுத்தது 35 கோடி டாலருக்கும் மேல். அவர் செல்வத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு. பல சபைகளின் கோயில்களுக்கு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்கன் இசைக்கருவிகள் வாங்கக்கூட உதவினார். ஆலையில் விபத்துக்குள்ளான தொழிலாளருக்காகவும் அவர்களது குடும்பங்களுக்காகவும் 40 இலட்சம் டாலர் நிதி ஏற்படுத்தினார். இவற்றை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. அவர் நூலகங்களில் படித்து முன்னேறிய ஏழைப் பிள்ளைகள் எண்ணிலடங்கார்.

ஆனால் ஹோம்ஸ்டெட்டில் 1898இல் பெரிய நூலகம் திறக்கப்பட்டபோதும் பன்னிரண்டு மணி நேர வேலை அப்படியே இருந்தது. நெருப்பின் முன் அத்தனை நேரம் நின்று வீடு திரும்புபவருக்குப் புத்தகம் திறக்க நேரம் ஏது, உடலில் தெம்பு ஏது?

சக்கேயு சொன்ன இரண்டு காரியங்கள்

இங்கேதான் நாம் எரிகோ நகருக்குப் போக வேண்டும். லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் வரும் சக்கேயுவும் பெரிய செல்வர். இயேசு அவர் வீட்டுக்கு வந்தபோது, அவர் எழுந்து நின்று ஒரு காரியம் அல்ல, இரண்டு காரியங்கள் சொன்னார். ஒன்று, தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பது. மற்றொன்று, யாரையேனும் ஏமாற்றிப் பறித்திருந்தால் நான்கு மடங்காக அவருக்கே திருப்பிக் கொடுப்பது. முதலாவது அறம். இரண்டாவது நீதி. முதலாவதைச் செய்பவருக்கு ஊரார் மாலை போடுவார்கள். இரண்டாவதைச் செய்ய, தாம் பறித்தவரின் வாசலுக்குத் தலைகுனிந்து போக வேண்டும். இரண்டையும் சொன்ன பிறகுதான் அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு அறிவிக்கிறார்.

கார்னகி முதல் காரியத்தை உலகமே வியக்கும்படி செய்தார். இரண்டாவது காரியத்தில் அவர் தயங்கி நின்றார். கூலியில் குறைத்ததை நூலகமாகக் கொடுப்பது பெருந்தன்மைதான். ஆனால் அது திருப்பிக் கொடுத்தல் ஆகாது. அறுவடை செய்தவருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி விண்ணை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று திருத்தூதர் யாக்கோபு தம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். காணிக்கைப் பெட்டியின் ஓசையால் அந்தக் கூக்குரலை அடக்கிவிட முடியாது.

விவிலியம் சொல்லும் வெற்றிக் கதையைப் பாருங்கள். யோசேப்பு உயர்ந்ததை அது மகிழ்ச்சியோடு சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. பஞ்ச காலத்தில் யோசேப்பு தானியம் விற்க, எகிப்து மக்கள் முதலில் பணத்தையும், பிறகு கால்நடைகளையும், பிறகு நிலத்தையும், கடைசியில் தங்களையே பார்வோனுக்குக் கொடுத்தார்கள் என்பதையும் தொடக்கநூலின் 47ஆம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. தாவீது ஆட்டுக்கொட்டிலிலிருந்து அரியணைக்கு வந்ததைச் சொல்லும் விவிலியம், உரியாவைக் கொல்லச் செய்ததையும் சொல்கிறது. கடவுளின் நூல் யாருக்கும் முகத்துதி பாடுவதில்லை. உண்மையைச் சொன்ன பிறகும் அவர்களைக் கடவுள் கைவிடவில்லை. அதனால்தான் அது நற்செய்தி.

நம் கதையை எப்படிச் சொல்கிறோம்?

நம்மில் யாரும் கார்னகி இல்லை. ஆனாலும் நம் ஒவ்வொருவரிடமும் ஒரு சிறிய வெற்றிக் கதை உண்டு. குடிசையில் இருந்தோம், மாடி வீடு கட்டினோம். கூலிக்குப் போனோம், கடை வைத்தோம். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பினோம். பேரப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்கிறோம். சொல்வதில் தவறில்லை. சொல்லும்போது மூன்று கேள்விகளை நமக்குள் கேட்டுக்கொள்வோம்.

முதலாவது, யார் கொடுத்தார்கள்? தம்பி படிக்க வேண்டும் என்பதற்காக எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அக்காள் எங்கே? கம்மலை அடகு வைத்துக் கல்லூரிக் கட்டணம் கட்டிய அம்மா எங்கே? முதல் வேலைக்குச் சிபாரிசு செய்த அந்தப் பெரியவர் எங்கே? நாம் பெற்றுக்கொள்ளாதது எது என்று பவுலடியார் கொரிந்து நகர மக்களைக் கேட்கிறார். இந்தக் கேள்வியில் கார்னகி பெரும்பாலும் தேறிவிட்டார். ஆண்டர்சனை மறக்கவில்லை, தாயை மறக்கவில்லை. நாம் தேறுவோமா?

இரண்டாவது, யார் இழந்தார்கள்? நம் வீடு எழும்பியபோது கூலி பாக்கி வைக்கப்பட்ட கொத்தனார் உண்டா? பாகப்பிரிவினையில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போன சகோதரி உண்டா? நம் கடையில் பல ஆண்டுகள் நின்று உழைத்து, முடியாமல் போனபோது வெறுங்கையோடு அனுப்பப்பட்டவர் உண்டா? உயிரோடு இருந்தால் அவர்களிடம் போவோம். கொடுக்க வேண்டியதைக் கொடுப்போம். கோயிலுக்குக் கொடி மரம் வைப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

மூன்றாவது, நம்மோடு நடந்து, உயராமல் நின்றவர்களைப் பற்றி என்ன நினைக்கிறோம்? நம் கதையைக் கேட்டு அவர்கள் ஊக்கம் பெறுகிறார்களா, கூனிக்குறுகுகிறார்களா? கார்னகி ஏறிய கப்பலில்தான் அவர் தந்தையும் ஏறினார். இருவரும் ஒரே கடவுளின் பிள்ளைகள்.

ஆண்ட்ரூ கார்னகி 1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலம் லெனாக்ஸ் பகுதியில் தாம் வாங்கியிருந்த ஷேடோபுரூக் என்ற மாளிகையில் இறந்தார். தன்வரலாறு அடுத்த ஆண்டு நூலாக வந்தது. 1922இல் அந்த மாளிகையை இயேசு சபையினர் வாங்கி நவசந்நியாச இல்லமாக்கினார்கள். உலகின் பெரும் செல்வர்களுள் ஒருவர் கண்மூடிய வீட்டில், ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுக்க வந்த இளைஞர்கள் பல ஆண்டுகள் செபித்தார்கள். 1956இல் ஒரு தீ விபத்தில் அந்த மாளிகை எரிந்துபோயிற்று; இயேசு சபையினர் நால்வர் உயிரிழந்தனர்.

மாளிகை எரிந்துபோகும். கதையும் ஒருநாள் ஆராய்ந்து பார்க்கப்படும், பழைய காகிதங்களாலோ, இறுதிநாளில் ஆண்டவராலோ. அதற்கு முன்னரே அதை உண்மையாகச் சொல்லிவிட, சக்கேயுவின் வீட்டுக்கு வந்த ஆண்டவர் நம் வீட்டுக்கும் வருவாராக.